ஆயில் கெட்டியா, இளக்கமா? வண்டி காட்டும் அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

போன மாதம் ஒரு பெரியவர் தன் பழைய நூறு சிசி வண்டியில் எங்கள் திண்டுக்கல் கடைக்கு வந்தார். இறங்கும்போதே, "தம்பி, இன்ஜின்ல கடகடன்னு சத்தம். நல்லா வெயிட்டான ஆயிலாப் பார்த்து ஊத்திவிடு" என்றார். "ஐயா, ஆயில்ல வெயிட்டுன்னு ஒண்ணு இல்லைங்க" என்றேன். நம்பவில்லை. பக்கத்து மளிகைக் கடையிலிருந்து எலக்ட்ரானிக் தராசை வாங்கி வந்து, 10டபிள்யூ-30 ஒரு லிட்டர், 20டபிள்யூ-50 ஒரு லிட்டர் அளந்து அடுத்தடுத்து வைத்துக் காட்டினேன். ஒன்று 860 கிராமை ஒட்டி நின்றது, மற்றது 870 சொச்சம். "அப்ப அந்த 50 எதுக்கு?" என்றார்.

50 என்பது எடையும் இல்லை, அடர்த்தியும் (ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதும்) இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடேறிய நிலையில், அதாவது 100 டிகிரியில், ஆயில் எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்பதற்கான எண். எண் கூடினால் கெட்டி. டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு. டபிள்யூ என்றால் வின்டர். தெரிய வேண்டிய பாடம் இவ்வளவுதான்.

பெரியவரின் வண்டிக்கு வருவோம். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். நுனியில் ஈரமே இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது கெட்டி ஆயில் அல்ல, ஆயில்.

கடைக்கு வரும் ஆயில் புகார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் முடிகின்றன. அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் அளவு, கிரேடு (10டபிள்யூ-30 போன்ற எண்) இந்த இரண்டையும் பார்த்துவிட்டே மேலே போகவும்.

## எதற்கும் முன்னால்

அளவு. சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் எந்த அளவும் பொய். இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இன்னொரு இரண்டு மூன்று நிமிடம் ஆயில் கீழே இறங்கட்டும். டிப் ஸ்டிக்கைத் துடைத்து உள்ளே விட்டு எடுங்கள். ஸ்ப்ளெண்டர், ஆக்டிவா போன்ற வண்டிகளில் டிப் ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இல்லாத ஆயில் இருப்பதாகக் காட்டும். இது தெரியாமலே பத்து வருடம் வண்டி ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். சில வண்டிகளில் இன்ஜின் பக்கவாட்டில் கண்ணாடி வட்டம் இருக்கும். வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு அதன் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே ஆயில் தெரிகிறதா என்று பாருங்கள்.

கிரேடு. வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350க்கு 15டபிள்யூ-50 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. கியர் பைக்குக்கு டப்பாவில் "ஜேசோ எம்ஏ" அல்லது "எம்ஏ2" என்று (ஜேசோ என்பது ஜப்பான்காரர்களின் தர முத்திரை) இருக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு "எம்பி". கடைசியாக எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று தெரியவில்லை என்றால், தெரியாத ஆயிலை வைத்து யோசித்துக்கொண்டிருக்காமல் வடித்துவிட்டுப் புதிது ஊற்றி அங்கிருந்து தொடங்குங்கள். இதைவிட மலிவான சோதனை கிடையாது.

## அறிகுறி: ரேஸ் ஏறுகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது

நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். சிறுமலைக்கு ஏறும்போது பாதி வளைவிலேயே தெரிந்துவிடும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் அலறும், வண்டி மட்டும் அப்படியே நகரும். கிளட்ச் வழுக்குகிறது.

ஆயில் மாற்றிய ஒரு வாரத்துக்குள் இது தொடங்கியதா? ஆமாம் என்றால் முதல் கேள்வி, என்ன ஆயில் ஊற்றினீர்கள்? ஒரு வாத்தியார், கார் சர்வீஸில் மிச்சம் வந்த 5டபிள்யூ-30ஐ "வீணாப் போகக் கூடாதே" என்று பைக்கில் ஊற்றிவிட்டு வந்தார். விலை உயர்ந்த ஆயில்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கின்றன. கார் ஆயிலில் மைலேஜுக்காகச் சேர்க்கும் வழுக்கும் மருந்து பிளேட்டுகளையும் வழுக்க வைத்துவிடும். டப்பாவின் பின்னால் உள்ள வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்றோ "எனர்ஜி கன்சர்விங்" என்றோ எழுதியிருந்தால் அதைக் கியர் பைக்கில் ஊற்றாதீர்கள். ஸ்கூட்டரின் எம்பி ஆயிலும் அப்படித்தான்.

பார்க்க வேண்டிய வரிசை:

முதலில் கிளட்ச் லீவர். நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லாமல் கேபிள் இறுக்கமாக இருந்தால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாகப் பிடிக்கப்பட்டே இருக்கும். அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, செலவு பூஜ்யம்.

அதில் சரியாகவில்லை, ஆயிலும் சந்தேகம் என்றால் சூடாக இருக்கும்போதே வடித்துவிட்டு எம்ஏ2 ஆயில் ஊற்றுங்கள். பிளேட்டில் ஏறிய பழசு ஒரே தடவையில் போகாது. இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றுங்கள். வாத்தியார் வண்டி இரண்டாவது மாற்றலில் சரியாகிவிட்டது. மிச்சப்படுத்திய ஆயிலுக்கு இரண்டு டப்பா செலவு.

இன்னும் வழுக்கினால் ஒரு சோதனை. காலியான நேர்ச்சாலையில் டாப் கியரில் 40இல் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்குங்கள். வேகம் கூடாமல் இன்ஜின் சத்தம் மட்டும் குபுக்கென்று ஏறினால் பிளேட்டும் ஸ்பிரிங்கும் முடிந்துவிட்டன. இந்த இடத்தில் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். கவரைக் கழற்றினால் கேஸ்கட் மாற்ற வேண்டும், பிளேட்டை அளந்து பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் செய்கிற வேலை அல்ல.

## அறிகுறி: காலையில் கிக்கர் கல் மாதிரி இருக்கிறது, செல்ஃப் இழுக்கிறது

கீழே சமவெளியில் இருப்பவருக்கு ஆயிலின் குளிர் எண் பெரிய விஷயமே இல்லை. 10டபிள்யூவைச் சோதிப்பது மைனஸ் 25 டிகிரியில், 20டபிள்யூவை மைனஸ் 15இல். நம் மார்கழிக்கு அதெல்லாம் அண்டை வீடு கூட இல்லை. ஆகவே மதுரையிலோ திருச்சியிலோ செல்ஃப் இழுத்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஹெட்லைட் மங்குகிறதா, ஹாரன் கம்முகிறதா? அப்படியானால் ஆயிலைத் தொடவே வேண்டாம். டெர்மினலில் வெள்ளை பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

கொடைக்கானல் பக்கம் என்றால் கதை கொஞ்சம் வேறு. பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றுகிற ஒரு தம்பி, வண்டி நீண்ட நாள் உழைக்கட்டும் என்று 10டபிள்யூ-30 கேட்கிற வண்டியில் 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தார். மைனஸுக்கெல்லாம் போக வேண்டாம். சாதாரணக் குளிரிலேயே 50 ஆயில் 30ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டி. விடிகாலையில் கிக்கர் அவரைத் தூக்கியடித்ததில் ஆச்சரியம் இல்லை. சரியான கிரேடுக்கு மாற்றினோம், மறுநாளே போன் வந்தது.

பேட்டரியும் சரி, கிரேடும் சரி, கிக்கர் மட்டும் இறுகிக் கிடக்கிறது என்றால் நியூட்ரலில் வைத்துக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒரே இடத்தில் முட்டுகிறதென்றால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. மிதிக்காதீர்கள், தள்ளிக்கொண்டு வாருங்கள்.

## அறிகுறி: ஆயில் குறைகிறது

இதில் இரண்டு கிளை. கீழே சொட்டுகிறது, அல்லது சைலன்சரில் புகைகிறது.

சொட்டினால்: இரவில் இன்ஜினுக்கடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறை எந்த இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. ஆயில் வடிக்கிற ட்ரெயின் நட்டுக்குக் கீழே என்றால் வாஷர் நசுங்கியிருக்கும். புதிய வாஷர் போடுங்கள். நட்டை மேலும் மேலும் இறுக்காதீர்கள். அலுமினியத்தில் மரை கழன்றால் ஐந்து ரூபாய் வேலை லேத்துக்குப் போய்விடும். கியர் லீவர் பக்கம் என்றால் அங்கே ஒரு ஆயில் சீல் உண்டு, அதுவும் மலிவுதான். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிந்தால் மெக்கானிக்.

புகைந்தால்: எப்போது புகைகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியைக் கிளப்பியதும் குபுகுபுவென்று நீலப் புகை வந்து அரை நிமிடத்தில் அடங்கினால் வால்வு சீல். முறுக்கும் போதெல்லாம் புகைந்தால் பிஸ்டன் ரிங், அல்லது போர் (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரின் உட்சுவர்). ஒரு சின்ன சோதனை. பிளக்கைக் கழற்றி, அதைக் கேப்பில் மாட்டி, பிளக்கின் உலோகம் இன்ஜின் உடம்பில் படும்படி ஓட்டையை விட்டுத் தள்ளி வைத்துவிட்டு, ஓட்டையை விரலால் அடைத்துக் கிக்கரை மிதியுங்கள். தள்ளும் காற்று சோர்ந்திருந்தால் ஒரு ஸ்பூன் ஆயிலை ஓட்டை வழியே விட்டு மறுபடி மிதியுங்கள். இப்போது விரலைப் பலமாகத் தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். மாற்றமே இல்லையென்றால் வால்வு பக்கம் பார்க்க வேண்டும்.

இங்கேதான் எல்லோரும் கேட்கிற கேள்வி வரும். "கொஞ்சம் கெட்டி ஆயில் ஊத்தினா புகை நிக்காதாண்ணே?" நிற்கும், கொஞ்ச நாளைக்கு. 10டபிள்யூ-30 இடத்தில் 20டபிள்யூ-40 ஊற்றினால் தேய்ந்த இடைவெளியில் ஆயில் மேலே ஏறுவது குறையும். இன்னும் மூன்று மாதத்தில் இன்ஜினை இறக்கி வேலை பார்த்துவிடலாம், அதுவரை ஓட வேண்டும் என்றால் நானே ஊற்றித் தருகிறேன். ஆனால் அது மருந்து இல்லை, வலி மாத்திரை. விற்பதற்காக அப்படி ஊற்றித் தரச் சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் ஊற்றுவதில்லை.

ஆயிரம் கிலோமீட்டருக்கு 300 மில்லிக்கு மேல் குடிக்கிறது என்றால் என் கணக்கில் இன்ஜின் இறக்க வேண்டிய நேரம். வால்வு சீல் என்றால் சிறு செலவு, போர் அடித்து பிஸ்டன் செட் மாற்றுவதென்றால் சில ஆயிரங்கள். இரண்டில் எது என்று மேலே சொன்ன சோதனையை வைத்துத் தெரிந்துகொண்டே கடைக்குப் போங்கள். சீலோடு முடிய வேண்டியதைப் போர் வரை இழுக்கிற கடைகளும் இருக்கின்றன.

## அறிகுறி: ஆயில் கூடுகிறது

குறைவதைப் பார்ப்பவர்கள் கூடுவதைக் கண்டுகொள்வதில்லை. இதுதான் ஆபத்து.

டிப் ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் வண்டியைக் கிளப்ப வேண்டாம். கார்புரேட்டரில் ஊசி சரியாக அடைக்காமல் பெட்ரோல் வழிந்து இன்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது. 2020 ஏப்ரலுக்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகளில், இரவில் பெட்ரோல் டேப்பை மூடாமல் விடுபவர்களுக்கு இது வழக்கம். ஆயில் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். கெட்டித்தன்மை போனபின் பேரிங்குக்கும் போருக்கும் நடுவே ஒன்றுமே மிஞ்சாது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். புது ஆயிலைத் தொட்ட விரலுக்கும் இதைத் தொட்ட விரலுக்கும் வித்தியாசம் உடனே தெரியும். டேப்பை மூடிவிட்டு, ஆயிலை முழுக்க வடித்து, கார்புரேட்டர் ஊசியைச் சுத்தம் செய்து அல்லது மாற்றி, அதன் பிறகே புது ஆயில். ஆயிலை மட்டும் மாற்றினால் மறு வாரம் அதே நிலைமை.

வாடை இல்லை, ஆயில் கூடுதலாக மட்டும் இருக்கிறது என்றால் ஊற்றியவரின் தவறு. எங்கள் கடைப் பையன் ஒரு நாள் அளவுக் குவளை கிடைக்கவில்லை என்று தராசில் 900 கிராம் நிறுத்து ஊற்றிவிட்டான். வேண்டியது 900 மில்லி. ஆயில் தண்ணீரைவிட லேசு, 900 கிராம் என்பது ஒரு லிட்டரையும் தாண்டும். 130 மில்லிக்கு மேல் கூடுதல். அடர்த்தி தெரியாததால் எங்கள் கடையில் நடந்த ஒரே விபத்து இதுதான். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் வழிந்து வண்டி கம்மிக்கொண்டு திரும்பி வந்தது. கூடுதலை ட்ரெயின் நட்டு வழியே இறக்கி, ஃபில்டரை மாற்றினால் போதும். தராசுதான் கையில் இருக்கிறது என்றால் 900 மில்லிக்கு ஏறத்தாழ 780 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறது

மூடியின் உட்புறம் மட்டும் வெண்ணெய் தடவினாற்போல் இருந்து, வடிக்கிற ஆயில் நல்ல நிறத்தில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளையைப் பள்ளியில் விடுவது, காய்கறி வாங்குவது என்று ஒன்றிரண்டு கிலோமீட்டரே ஓடும் ஸ்கூட்டர்களில் இது வரும். இன்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடுவதால் உள்ளே வேர்த்த தண்ணீர் ஆவியாவதில்லை. வாரம் ஒருமுறை பதினைந்து இருபது கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டுங்கள்.

மொத்த ஆயிலும் அப்படி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆயிரம் கிராம், ஆயில் 870ஐ ஒட்டி. எனவே தண்ணீர் அடியில் இறங்கிக் கோடு போட்டு நிற்கும். நன்றாகக் கலந்துபோனதென்றால் பிரியாமலும் இருக்கும். அப்போது பழைய கரண்டியைச் சூடாக்கி ஒரே ஒரு சொட்டு விடுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. சடசடவென்று பொரிந்தால் தண்ணீர்.

வெள்ளத்தில் முங்கிய வண்டி என்றால் கிளப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பல வண்டிகள் தண்ணீரில் நின்றதைவிட, தண்ணீர் வடிந்ததும் செல்ஃப் அடித்ததில்தான் கெட்டன என்று அங்கே கடை வைத்திருக்கும் என் மச்சான் சொல்வான். ட்ரெயின் நட்டைக் கழற்றினால் முதலில் தண்ணீர் வரும், பிறகுதான் ஆயில். வடித்து, பிளக்கைக் கழற்றிக் கிக்கரை மிதித்து சிலிண்டரில் இருப்பதை வெளியேற்றி, மலிவான ஆயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு வடியுங்கள். நிறம் தெளியும் வரை இரண்டு மூன்று தடவை. கடைசியில் நல்ல ஆயில்.

மழையிலும் ஓட்டவில்லை, வெள்ளத்திலும் நிற்கவில்லை, கூலன்ட் உள்ள வண்டி, ரேடியேட்டரில் அளவு குறைகிறது என்றால் கேஸ்கட்டோ வாட்டர் பம்ப் சீலோ போயிருக்கிறது. ஓட்டாமல் டெம்போவில் ஏற்றி மெக்கானிக்கிடம் அனுப்புங்கள்.

## அறிகுறி: டேப்பட் சத்தம், சூடானதும் கடகடப்பு

அளவு பார்த்தாயிற்று, கிரேடும் சரி. அப்படியானால் ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது? பைக்கில் கியரும் அதே ஆயிலில்தான் அரைபடுகிறது. அந்த அரைப்பில் ஆயில் இளகிக்கொண்டே வரும். 40ஆக ஊற்றியது நாள்பட்டு 30 மாதிரி நடந்துகொள்ளும். புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் மாற்றிவிட்டுக் கேளுங்கள்.

புது ஆயிலிலும் சத்தம் என்றால் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். மேலே ஹெட்டில் டிக்டிக்கென்றால் டேப்பட் (வால்வைத் தள்ளுகிற பாகம்) இடைவெளி. இன்ஜின் ஆறியிருக்கும்போது செட் செய்ய வேண்டும், பழகியவருக்கு அரை மணி நேரம். பக்கவாட்டில் சரசரத்தால் டைமிங் செயின். அடியில் தொம் தொம்மென்றால் கிராங்க் பேரிங். அதற்கப்புறம் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். கெட்டி ஆயில் ஊற்றினால் மூன்று சத்தமும் கொஞ்சம் அமுங்கும். அதனால்தான் கண்டுபிடிப்பதற்கு முன் ஊற்றக் கூடாது என்கிறேன்.

கியர் விழ மறுப்பது, நியூட்ரல் சிக்காதது இதற்கும் இதே வரிசைதான்: கிளட்ச் கேபிள், பிறகு பழைய ஆயில், பிறகு பிளேட்.

## அறிகுறி: காரில் சிவப்பு ஆயில் விளக்கு

ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். பெட்ரோல் பங்க் வரை, வீடு வரை என்ற பேச்சே வேண்டாம். ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக். குறைந்திருந்தால் அதே கிரேடு ஊற்றிக் கிளப்புங்கள். விளக்கு இரண்டு மூன்று விநாடியில் அணைய வேண்டும். அணைந்தால், ஆயில் எங்கே போனது என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அளவு சரியாக இருந்தும் எரிந்தால் சென்சராக இருக்கலாம், பம்பாகவும் இருக்கலாம். சென்சர்தான் என்று நம்பி ஓட்டியவர்களின் இன்ஜின்களைப் பிரித்திருக்கிறேன். பிரஷர் கேஜ் வைத்து அளக்காமல் சொல்ல முடியாது, அது கடையில்தான் இருக்கும். இன்னொன்று, புதிய சிறிய பெட்ரோல் கார்கள் 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று மெல்லிய ஆயிலையே கேட்கின்றன. வால்வு நேரத்தை மாற்றும் வேலையும் அந்த ஆயில் அழுத்தத்தில்தான் நடக்கிறது. விளக்கு மினுங்குகிறது என்று அதில் 20டபிள்யூ-50 ஊற்றாதீர்கள். இழுத்துச் செல்ல வண்டி கூப்பிடுங்கள்.